வலை அறுத்த வள்ளம்

ஒரு வள்ளத்தை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், அது எந்த ஓடாவியின் கை என்று சொல்லிவிடுவேன். புளுகு இல்லை, உள்ளதைத்தான் சொல்கிறேன். குருநகரில் வள்ளம் கட்டுகிறவர்களை ஓடாவி என்போம். அப்பு என்று நான் கூப்பிட்ட என் தகப்பன் நீக்கிலாப்பிள்ளை ஓடாவி. அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. பத்து வயதிலிருந்து பஞ்சுத்திரி திரித்து, பலகைச் சந்துகளில் அடைத்து, மேலே குங்கிலியம் பூசி வளர்ந்தவள் நான். அப்பு போனபிறகு வள்ளம் கட்டும் வாடியை நான்தான் நடத்துகிறேன். "செபஸ்தியம்மா ஓடாவியோ?" என்று பல்லைக் காட்டியவர்களின் வள்ளமெல்லாம் பிறகு ஒழுக்கடைக்க என்னிடந்தான் வந்தது. இரண்டு நாள் காக்கவைத்துத்தான் கை வைத்தேன்.

அப்படிப்பட்ட நானே ஒரு வள்ளத்தில் ஏமாந்துபோனேன்.

தொண்ணூறாம் ஆண்டு சித்திரை. இந்தியன் ஆமி கப்பலேறிப் போய் ஒரு மாதம் இருக்கும். இனிப் பயமில்லாமல் கடலில் இறங்கலாமென்று குருநகரே வள்ளங்களைப் புரட்டிப்போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தது. ஒருநாள் காலமை உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு சாமானை ஏற்றிக்கொண்டு நல்லூரிலிருந்து சேவையர் தியாகராசா வந்தார். காணி அளக்கிற மனிசன். மூடியிருந்த படங்கை விலக்கினால் பதினெட்டடி நீளத்தில் ஒரு ஸ்பீட் போட். கூர் மூக்கு, கார் மாதிரிச் சுக்கான் வளையம், இரண்டு வரிசை இருக்கை, முன்னால் இங்கிலீசு எழுத்து வெட்டிய பித்தளைத் தகடு.

"அக்கா, இது எங்கடை அப்பா பிரக்கிராசி பொன்னம்பலம் இங்கிலாந்திலையிருந்து எடுப்பிச்சது. அம்பத்திரண்டிலை வந்து இறங்கினது. இவ்வளவு காலமும் அரியாலைக் கொட்டிலுக்கை கிடந்தது. திருத்தித் தாங்கோ. இதின்ரை சரித்திரத்தையும் எழுதி வைக்கப்போறன். தகட்டிலை இருக்கிற கொம்பனிக்குக் கடிதம் போட்டிருக்கிறன்."

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். என் புருசன் வின்சன்ற் கையிலிருந்த, மரம் செதுக்கும் வாச்சியை நிலத்தில் போட்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, இது அந்த வள்ளம்.

குருநகரில் அந்தக் கதை தெரியாதவர் இல்லை. ஐம்பத்திரண்டில் பிரக்கிராசியின் ஸ்பீட் போட் கடலில் இறங்கி இரண்டாம் கிழமை, அரியாலைப் பக்கம் தறி எனும் தடிகளை நட்டுக் கட்டியிருந்த களங்கட்டி வலைகளுக்குள்ளால் ஒரே இழுவையாய் இழுத்துக்கொண்டு போனது. தறிகள் முறிந்தன, வலை முழுக்கக் கிழிந்து போனது. வலைக்காரர் சந்தியாப்பிள்ளை, என் மாமனார். நியாயம் கேட்கப் போனவரிடம், கோட்டில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசி, "கடலிலை தடி நட உனக்கு ஆர் பேமிற் தந்தது?" என்று அனுமதிப்பத்திரம் கேட்டுச் சட்டம் பேசினாராம். அதற்குப் பிறகு மாமா தனக்கென்று ஒரு வலை கட்டவில்லை. சாகும்வரை மற்றவன் வலையைத்தான் இழுத்தார். ஊர்ப் பெடியள் வள்ளத்தைக் கொளுத்தப் போனதால்தான் பிரக்கிராசி அதைக் கொட்டிலுக்குள் ஒளித்தார்.

"உதைத் திருப்பி அனுப்பு" என்றார் வின்சன்ற்.

"பலகை என்ன பாவம் செய்தது? ஓட்டினவன்ரை பிழை. வெள்ளைக்காரன் எப்பிடிக் கட்டியிருக்கிறான் எண்டு ஒருக்காப் பாக்கவேணும் எனக்கு."

"அப்ப நீ பார். நான் கை வைக்கமாட்டன்."

அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். நானும் அப்படித்தான். இரண்டு பிடிவாதமும் ஒரே கூரைக்குக் கீழே முப்பத்துமூன்று வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறது, அதுவே பெரிய அதிசயம்.

மூன்றாம் கிழமை லண்டனிலிருந்து கடிதம் வந்தது. சேவையர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாடி வாசலில் நின்ற நிலை, செத்த வீட்டுக்குச் சொல்ல வந்தவன் நிலை. நாங்கள் எஞ்சின் மட்டுந்தான் செய்தோம், தகட்டிலிருப்பது எஞ்சினின் இலக்கம், படகு என்று ஒன்றை நாங்கள் ஒருநாளும் கட்டியதில்லை என்று எழுதியிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தம்பி, தண்ணி இறைக்கிற மெஷினிலை இருக்கிற தகட்டைப் பாத்து, கிணறும் இங்கிலாந்திலையிருந்து வந்தது எண்டு சொல்லுவியளோ?"

"அப்பாதான் சொன்னவர் அக்கா. அவர் பொய் சொல்லுவாரோ?"

அந்தக் குரலைக் கேட்டபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பத்தெட்டு வயது மனிசன், தகப்பனின் ஒரு சொல்லுக்காகக் கண் கலங்கி நிற்கிறார். "அந்தரப்படாதேங்கோ, ஆர் கட்டினதெண்டு நான் கண்டுபிடிச்சுத் தாறன்" என்று சொல்லிவிட்டு இருக்கைகளைக் கழற்றினேன். உள்பக்கம் தடிப்பாய்ப் பச்சை மைப் பூச்சு. சுரண்டினேன். விலா மரம் செங்கபிலமாய்த் தெரிந்தது. மூக்கை வைத்து முகர்ந்தேன். பிறகு எழும்பி நின்று ஊருக்கே கேட்கச் சொன்னேன்.

"பூவரசு! இங்கிலாந்திலை ஆரின்ரை வேலியிலை பூவரசு நிக்குது?"

தானாக வளைந்த கிளைகளைத் தேடித்தேடி வெட்டி, வளைவு கெடாமல் விலாவாக்கியிருந்தான் பாவி. பலகை தேக்கு. செப்பாணி ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசை. இவ்வளவு வடிவான வேலையை நான் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தான் ஒருவன் இதைச் செய்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறான் என்றால் அவன் விசரனாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

வின்சன்ற் தள்ளி நின்றே கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கடை ஆக்கள் ஒருத்தரும் கட்டியிருக்கமாட்டினம்" என்றார். "கோவிலிலை சத்தியம் பண்ணினவை."

அது உண்மைதான். எஞ்சின் வள்ளம் வரப்போகிறது என்ற கதை கிளம்பிய ஐம்பதாம் ஆண்டில் குருநகர் ஓடாவிமார் எல்லோரும் பீடத்துக்கு முன்னால் நின்று, களங்கட்டி வலைக்கு எமனாய் வரும் எஞ்சின் வள்ளத்தை நாங்கள் கட்டமாட்டோம் என்று கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். முதல் கை என் அப்புவின் கை. பன்னிரண்டு வயதில் நான் பின்னால் நின்று பார்த்து நெஞ்சு நிமிர்ந்தவள். அதனால் எங்கள் ஆட்களை விட்டுவிட்டு, நாவாந்துறை, பாசையூர், ஊர்காவற்றுறை என்று ஒவ்வொரு ஓடாவியாய் நினைத்துப் பார்த்தேன். ஒரு கையும் பொருந்தவில்லை. அப்புவின் நினைப்பே வரவில்லை எனக்கு. சத்தியம் பண்ணிய மனிசனை ஆர் சந்தேகப்படுவார்கள்?

வைகாசி பிறந்தது. அடிமரமும் முன்மரமும் சேரும் பொருத்தில் கொஞ்சம் உக்கல் இருந்தது. ஆணியைத் தட்டி எடுத்துப் பொருத்தைப் பிரித்தேன். அந்த இடத்தைப் பிறகு ஒருவரும் திறப்பதில்லை. வள்ளம் கட்டத் தொடங்கும் முதல் நாளே இரண்டு மரத்துக்கும் நடுவில் குங்கிலியத்தில் தோய்த்த திரி ஒன்றை வைத்து இறுக்கினால், வள்ளம் சாகும்வரை அது உள்ளேதான். அந்தத் திரி முழுசாய் இருந்தது. எடுத்து வெயிலில் பிடித்தேன்.

முறுக்கு மறுபக்கமாய் ஓடியது.

நான் இடக்கைக்காரி. எல்லோரும் வலத் தொடையில் வைத்து உருட்டித் திரிப்பார்கள், நான் இடத் தொடையில். அதனால் என் திரியின் முறுக்கு உலகத்துத் திரிகளுக்கெல்லாம் எதிராய்ப் போகும். கன்னியாஸ்திரிமார் கையில் அடித்தும் மாறாத கை அது. குருநகர் முழுக்க அப்படித் திரித்தவள் நான் ஒருத்திதான், என் திரியைப் பாவித்தவர் அப்பு ஒருவர்தான்.

முதலில் வந்தது சந்தோசம். ஒளிப்பானேன்? "என்ரை அப்பு!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். இங்கிலாந்து, இங்கிலாந்து என்று ஊரே வாயைப் பிளந்து பார்த்த வள்ளம் என் அப்புவின் வள்ளம்! ஓடிப்போய் றோட்டில் நின்று கூப்பாடு போடலாம் போல இருந்தது. அடுத்த மூச்சில் கண் வின்சன்ற் பக்கம் போனது. அவர் தூரத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பனை அழித்த வள்ளத்தை என் தகப்பன் கட்டியிருக்கிறார். அதுவும் பீடத்தில் வைத்துச் சத்தியம் செய்த கையால். என் கை வேலையும் அதற்குள் இருக்கிறது. மாதாவே! திரியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, "தலையிடி" என்று சொல்லி வீட்டுக்குப் போய்ப் படுத்தேன்.

படுத்தவுடன் ஞாபகம் வந்தது. ஐம்பத்திரண்டில் அப்பு ஐந்து மாதம் வீட்டில் இல்லை. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு மடத்துக்குக் கூரை வேலை என்று சொல்லி, கிழமைக்கு ஒருக்கா வந்து என் திரிக் கட்டுகளை அள்ளிக்கொண்டு போவார். கூரைக்கு எதற்குத் திரி? கேட்கவேண்டுமென்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. சேவையர் வீட்டாருக்குத் தொண்டைமானாற்றில் ஒரு வீடு இருக்கிறது, அவருடைய அக்கா பத்மாவதி ரீச்சர் அங்கேதான் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் விடிய வெள்ளாப்பில் மினிபஸ் ஏறினேன்.

ரீச்சர் பள்ளிக்கூடம் போகப் புறப்பட்டு நின்றார். நான் திரியை மேசையில் வைத்தேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடையை மூலையில் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார்.

"நீர் ஒருநாளைக்கு வருவீர் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். "எனக்கு அப்ப பதினாறு வயசு. இஞ்சை பின்வளவிலை கிடுகுக் கொட்டிலுக்கைதான் உம்மடை அப்பு அதைக் கட்டினவர். நான்தான் தேத்தண்ணி குடுக்கிறனான்."

"எங்கடை அப்புவை உங்கடை அப்பா வெருட்டினவரோ? காசைக் காட்டினவரோ?" என் குரல் எனக்கே பெரிதாய்க் கேட்டது. நூல் மாதிரி ஒரு சாட்டுக் கிடைத்தால் போதும், பழி முழுவதையும் பிரக்கிராசி தலையில் கட்டிவிட்டுப் போகலாமென்றுதான் வந்திருந்தேன்.

"இல்லை. அப்பா ஒரு ஸ்பீட் போட் படத்தைக் காட்டினவர், அவ்வளவுதான். ஓடாவியார் மாட்டன் எண்டு எழும்பிப் போனவர். மூண்டாம் நாள் தானாத் திரும்பி வந்தார். 'சத்தியம் பண்ணினது என்ரை வாய், பிள்ளை. கை கேக்குதில்லை' எண்டார். இங்கிலாந்திலையிருந்து வந்ததெண்டு சொல்லச் சொன்னதும் அவர்தான். லொறியிலை ஏத்திப் படங்காலை மூடி, துறைமுகத்திலையிருந்து வாற மாதிரிக் கொண்டு போகச் சொன்னதும் அவர்தான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாராம் என்பார்கள். என் அப்பு பதினெட்டடி வள்ளத்தையே மறைத்திருக்கிறார்! எனக்கு ஆத்திரமும் வந்தது, அதற்குள்ளும் ஒரு மண்ணாங்கட்டிப் பெருமையும் வந்தது.

ரீச்சர் தொடர்ந்தார். "வலை அறுந்த அண்டு பின்னேரம் ஓடாவியார் இஞ்சை வந்தார். அந்த வலையின்ரை நட்டத்தைக் கட்டிக்குடுங்கோ எண்டு அப்பாவிட்டை மன்றாடினார். எங்கடை அப்பா சட்டம் பேசினார். அது பெரிய பிழை, அதை நான் எங்கையும் சொல்லுவன். ஓடாவியார் உந்தப் படியிலை இருந்து அழுதார். போகேக்கை ஒண்டு சொன்னவர்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் நிறுத்தினார்.

"சொல்லுங்கோ ரீச்சர்."

"'சந்தியாப்பிள்ளைக்கு நான் வலை குடுத்தா ஏனெண்டு ஊர் கேக்கும். என்ரை பெட்டை வளரட்டும். அவளை அந்த வீட்டுக்குக் குடுப்பன்' எண்டவர்."

என் கலியாணத்தில் எனக்கு ஒரு கேள்வி எப்போதும் இருந்தது. வசதியான ஓடாவியின் ஒரே மகள் நான். என்னை எதற்காகச் சொந்த வலைகூட இல்லாத வீட்டுக்குக் கொடுத்தார்? புது வள்ளம் ஒன்றைத் தன் கையால் கட்டிச் சீதனமாகவும் கொடுத்தார். இடக்கைக்காரி, வாய்க்காரி, வேறெவன் எடுப்பான் என்று ஊர் சொன்னது. நானும் அதுதான் காரணமென்று நம்பி, ஆரம்பத்தில் அந்த வீட்டில் அழுதும் இருக்கிறேன்.

"நான் என்ன வலைத்துண்டோ?" என்று கத்தினேன். "அறுந்த இடத்திலை கொண்டுபோய்க் கட்டிவிட?"

ரீச்சர் எழும்பிப் போய் எனக்கும் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார்.

பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அப்புவோடு சண்டை பிடித்தேன். பக்கத்தில் இருந்தவர் இரண்டுதரம் தள்ளி இருந்தார், நான் வாய்க்குள் முணுமுணுத்திருக்கவேண்டும். சேவையருக்கு விசயத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாம். திரியை அடுப்பில் போட்டால் முடிந்தது. ஒருவருக்கும் தெரியாது. ஆனால் யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இறங்கும்போது முடிவெடுத்துவிட்டேன். மறைக்கிற வேலை எங்கள் குடும்பத்தில் ஒரு ஆளோடு போதும். என் அப்பு செய்த நல்ல வேலையும் அவருடையது, கெட்ட வேலையும் அவருடையது. ஒன்றை மட்டும் எடுத்து மற்றதை எறிய எனக்கு வராது.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே வாடிக்குப் போனேன். வின்சன்ற் இன்னும் வலையோடு இருந்தார். பக்கத்தில் குந்தி, திரியை அவர் கையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கலியாணக் கதையையும் சொன்னேன். 

கடைசிவரை அவர் தலை நிமிரவில்லை. "ஐயாவின்ரை செத்த வீட்டிலை உன்ரை கொப்பர் பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு அழுதாரே, அது?"

"அதுவும் உண்மைதான்."

எழும்பினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை. தமையன் வீட்டில் படுத்தார். முப்பத்துமூன்று வருடத்தில் எங்களுக்குள் சண்டை வராத கிழமை இல்லை, சத்தமில்லாத சண்டை இதுதான் முதல் தடவை. பயந்துபோனேன். அதற்காகச் சொன்னதைத் திருப்பி வாங்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் சேவையர் வந்தார். தமக்கையிடமிருந்து கதை முழுவதும் கேட்டிருந்தார். "அக்கா, பின்பலகையிலை உங்கடை அப்புவின்ரை பேரை வெட்டுங்கோ. கட்டினவர் அவர்தானே. வின்சன்ற் அண்ணையிட்டை நான் என்னெண்டு கதைக்கிறதெண்டுதான் தெரியேல்லை."

"எனக்கே தெரியேல்லை, உங்களுக்கு எங்கை தெரியப்போகுது" என்றேன். ஆனாலும் பின்பலகையைச் சீவி, கரிக்கோலால் 'கட்டியவர் நீக்கிலாப்பிள்ளை ஓடாவி' என்று எழுதிவைத்தேன். உளியை எடுத்தேன். வெட்ட மனம் வரவில்லை. இந்த வள்ளத்தில் அப்புவின் பெயர் வரவேண்டுமென்று உலகத்தில் வேறெதையும் விட அதிகமாய் ஆசைப்பட்டவள் நான். ஆனால் அந்த மனிசனுக்குத் தெரியாமல் ஒரு எழுத்துக்கூட வெட்டமாட்டேன் என்று அப்படியே இருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வின்சன்ற் வந்தார். வந்தவர் என்னைப் பார்க்காமல் வள்ளத்தைச் சுற்றி நடந்தார். முன்மரத்தைத் தடவினார். விலாவில் கை வைத்தார். முதல் தடவையாக அந்த வள்ளத்தில் அவர் கை பட்டது.

"கோதாரி, நல்ல வேலை" என்றார்.

"ஓம்."

"இஞ்சேர், ஒண்டு கேக்கிறன். எங்கடை வீட்டுக்கு வந்தது உனக்குத் தண்டனையோ?"

முப்பத்துமூன்று வருடத்தில் ஒருநாளும் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "முதல் வருசம் ஓம். பிறகு இல்லை. இந்த ரெண்டு நாளும் நீங்கள் வரேல்லை எண்ட உடனை எனக்குச் சோறு இறங்கேல்லை. விளங்குதோ?"

தலையாட்டினார். கண்ணைத் தோள் துவாயால் துடைத்தார். பிறகு பின்பலகைக்கு முன்னால் குந்தி, நான் கரிக்கோலால் எழுதியிருந்ததைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெட்டு" என்றார். "ஆனா ஐயாவின்ரை பேரும் வரவேணும்."

"என்னெண்டு?"

"'வலை இழந்தவர் சந்தியாப்பிள்ளை' எண்டு. உந்த வள்ளத்தின்ரை சரித்திரம் எழுதிறதெண்டா முழுசா எழுதுங்கோ. நல்லூர்ச் சேவையருக்கும் சொல்லு."

  உளியை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். இரண்டு பெயரையும் வைக்கப் பலகையில் இடம் அளந்தோம்.

"ஆரின்ரை பேர் மேலை?" என்று கேட்டேன். கேட்டது வீம்புக்கு இல்லை, எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

வின்சன்ற் நான் எழுதியிருந்ததைத் துவாயால் அழித்தார். "கடலிலை முதல் கிடந்தது வலைதானே" என்றார்.